அடுத்த சந்திரசேகரன் எங்கிருந்து வருவார்?

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர் என்.சந்திரசேகரன். கோவை சி.ஐ.டி., திருச்சி ஆர்.இ.சி. என்று படிப்பை முடித்துவிட்டு, 1987-ல் டி.சி.எஸ். நிறுவனத்துக்குள் பயிற்சி ஊழியராக நுழைந்தார். 2009-ல் அதன் சி.இ.ஓ. ஆனார். 2017-ல் டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸுக்கே தலைவரானார். டி.சி.எஸ்.ஸின் இப்போதைய சி.இ.ஓ. கே.கிருத்திவாசனும் கோவையில் பொறியியல் படித்தவர். 1989-ல் வேலைக்குச் சேர்ந்து, 2023-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். எச்.சி.எல். டெக் சி.இ.ஓ. சி.விஜயகுமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி மாணவர். 1994-ல் பொறியாளராக எச்.சி.எல். குழுமத்துக்குள் வந்தவர்.

மூவருமே வெளியிலிருந்து கொண்டுவந்து உச்சியில் அமர்த்தப்பட்டவர்கள் அல்லர். அடியில் நுழைந்து, நடுவில் பல ஆண்டுகள் உழன்று, மேலே வந்தவர்கள். ஏ.ஐ. பற்றி இன்று நடக்கும் பேச்சில் ‘எத்தனை வேலை போகும்?’ என்ற கணக்குதான் பெரிதாக ஒலிக்கிறது. அந்தக் கணக்கு முக்கியம்தான். ஆனால், அதற்கு நிகரான இன்னொரு கேள்வியை வெகுசிலரே உரக்கக் கேட்கிறார்கள். அடியும் நடுவும் கரைந்துபோன ஒரு நிறுவனத்தில், 2050-ல் தலைமை ஏற்கப்போகிறவர் எங்கே வேலை கற்றுக்கொள்வார்?

2025 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. நிதியாண்டு முடிவதற்குள் தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றப் போவதாக டி.சி.எஸ். அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலை ஊழியர்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ‘பெஞ்ச்’ விதியை அந்த நிறுவனம் இறுக்கியிருந்தது. ஆண்டுக்கு 225 நாட்கள் வாடிக்கையாளருக்கு பில் போடக்கூடிய வேலையில் இருக்க வேண்டும். வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் இருப்பது 35 நாட்களைத் தாண்டக்கூடாது. செப்டம்பர் காலாண்டு முடிந்தபோது மொத்த ஊழியர் எண்ணிக்கை 19,755 குறைந்து 5,93,314 என்று நின்றது. தாமாக விலகியவர்களும் அதில் அடக்கம்.

‘இது ஏ.ஐ.யால் நடப்பதல்ல, திறன் பொருந்தாமைதான் காரணம்’ என்று கிருத்திவாசன் விளக்கினார். இந்த விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஒரு மென்பொருள் வந்து சென்னையை அடுத்த சிறுசேரியில் ஒரு மேனேஜரின் நாற்காலியில் மறுநாளே உட்கார்ந்துவிடவில்லை. ஆனாலும் அந்த விளக்கம் முழுமையானதல்ல. நாற்காலியை நகர்த்தியது எது என்பதைப் புரிந்துகொள்ள, இந்திய ஐ.டி. தொழில் எப்படிப் பணம் ஈட்டுகிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

பிரமிடின் கணக்கு

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை ‘பிரமிடு’ என்பார்கள். அடியில் ஆயிரக்கணக்கான ஃப்ரெஷர்கள். அவர்களுக்கு மேல் டீம் லீடுகள், அதற்கு மேல் ப்ராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர். உச்சியில் ஒருசிலர். பல ஒப்பந்தங்களில் அமெரிக்க வங்கியோ ஐரோப்பியக் காப்பீட்டு நிறுவனமோ ஒவ்வொரு ஆளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டாலரில் பணம் தரும். அடியில் இருப்பவருக்கு இங்கே ரூபாயில் சம்பளம். இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் லாபம். அடித்தளம் எவ்வளவு அகலமோ, லாபம் அவ்வளவு. அதனால்தான் கேம்பஸில் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். அதனால்தான் ஃப்ரெஷருக்கு ஆண்டுக்கு 3 முதல் 3.5 லட்சம் ரூபாய் என்ற தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய அசையாமலே நின்றது. வீட்டு வாடகையும் பால் விலையும் அப்படி நிற்கவில்லை.

ஐ.டி. நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் 2025 கணக்குப்படி, இந்தத் தொழிலில் நேரடியாக வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 58 லட்சம் பேர். இப்போது ஏ.ஐ. கைவைப்பது இந்த மணிக்கணக்கின் மீது. பழைய புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்வது, டெஸ்ட் கேஸ் எழுதுவது, ஆவணம் தயாரிப்பது, நிரலின் முதல் வரைவை எழுதுவது ஆகியவை ஃப்ரெஷரின் அன்றாடம். மீட்டிங் குறிப்பு, வாராந்திர ஸ்டேட்டஸ் அறிக்கை, கீழே நடப்பதை மேலே சொல்லும் வேலை ஆகியவை லீடின் அன்றாடம். இவை அனைத்திலும் ஏ.ஐ.க்கு இன்று ஓரளவு கை வந்துவிட்டது. வாடிக்கையாளருக்கும் அது தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மேஜையில் அவர் கேட்பது ஒன்றுதான்: பத்து மணி நேர வேலை ஆறு மணி நேரத்தில் முடிகிறதென்றால், நான் ஏன் பத்து மணி நேரத்துக்குப் பணம் தர வேண்டும்? நாற்காலி நகர்வது இங்கேதான்.

விஜயகுமார் இதை ஒளிக்காமல் சொன்னார். 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த நாஸ்காம் மாநாட்டில், இந்தத் தொழிலின் 30 ஆண்டு வணிக முறை காலாவதியாகிவிட்டது என்றார். பாதி ஆட்களை வைத்து இரட்டிப்பு வருமானம் எடுக்க முடியுமா என்று தன் குழுக்களுக்குச் சவால் விட்டிருப்பதாகவும் சொன்னார். அதன் கடுமையை மறுப்பதற்கில்லை. ஆனால் மறைத்துப் பேசுவதைவிட இது எவ்வளவோ மேல். ஊழியர் தன் வாழ்க்கையைத் திட்டமிட்டுக்கொள்ள ஓர் அவகாசமாவது கிடைக்கிறது.

பெருமை தலைகீழாகிறது

ஒரு மேனேஜரின் மதிப்பை அளக்க நம் ஊரில் ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது: ‘உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?’ கல்யாண வீட்டில்கூட இந்தக் கேள்வி வரும். நூறு பேர் என்றால் பெரிய ஆள். இன்று உலக அளவில் அந்த அளவுகோல் புரண்டுகொண்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் ஷாப்பிஃபை சி.இ.ஓ. டோபி லுட்கே தன் ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கூடுதல் ஆள் கேட்கும் குழு, அந்த வேலையை ஏ.ஐ.யால் ஏன் செய்ய முடியாது என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும் என்றது அது. ஜூனில் அமேசான் சி.இ.ஓ. ஆண்டி ஜாஸி, வரும் ஆண்டுகளில் அலுவலக ஊழியர் எண்ணிக்கை குறையும் என்று எழுத்துப்பூர்வமாகவே சொன்னார். அக்டோபரில் 14 ஆயிரம் அலுவலகப் பணியிடங்கள் நீக்கப்பட்டன. ஆளைக் குறைப்பதே தலைமைத் திறன் என்று பேசும் இந்த மொழி, பங்குச் சந்தைக்கு இனிக்கிறது. மற்ற சி.இ.ஓ.க்களுக்கும் அது தொற்றுகிறது.

அவசரப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு ஸ்வீடனின் கிளார்னா ஒரு பாடம். ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ வகைக் கடன் நிறுவனம் அது. 2024 பிப்ரவரியில் அதன் சி.இ.ஓ. செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி, தங்கள் ஏ.ஐ. உதவியாளர் ஒரே மாதத்தில் 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டதாகவும், 700 முழுநேர ஊழியர்களின் வேலையைச் செய்வதாகவும் அறிவித்தார். 2025 மே மாதம் அதே மனிதர், செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்ததில் சேவையின் தரம் இறங்கிவிட்டது என்றார். வாடிக்கையாளர் விரும்பினால் எப்போதும் ஒரு மனிதரிடம் பேசும் வழி வேண்டும் என்று மீண்டும் ஆள் எடுக்கத் தொடங்கினார். அந்த நிறுவனம் ஏ.ஐ.யைக் கைவிடவில்லை, இன்றும் எளிய கேள்விகளுக்கு அதுதான் பதில் சொல்கிறது. பணம் இருமுறை பிடிக்கப்பட்டுப் பதறி அழைப்பவருக்கு என்ன வேண்டும் என்பதைத் தலைமை முன்கூட்டியே யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வு என்னை மிகவும் யோசிக்கவைத்தது. மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவம் மிக்க 16 மென்பொருள் நிபுணர்களுக்கு அவர்கள் நன்கு அறிந்த நிரலிலேயே வேலை கொடுத்துச் சோதித்தது. ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 சதவீதம் அதிக நேரம் பிடித்தது. வேலை முடிந்த பிறகும் அவர்கள், தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். 2025 தொடக்கத்துக் கருவிகள் அவை. அதன் பிறகு எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் வேகம் என்ற உணர்வுக்கும் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் இடையில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்க முடியும் என்றால், அளந்து பார்க்காமல் ஆயிரம் பேரை அனுப்பும் தலைவர் எதை நம்பி முடிவெடுக்கிறார்?

யார் பொறுப்பு?

கனடாவில் பாட்டி இறந்த துக்கத்தில் அவசரமாக விமான டிக்கெட் எடுக்க வந்த ஒருவருக்கு, ஏர் கனடாவின் சாட்பாட் தவறான தகவல் சொன்னது. துக்க நிகழ்வுக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணம் முடிந்த பிறகும் கோரலாம் என்று அது சொன்னதை நம்பி அவர் முழுக் கட்டணத்தைச் செலுத்தினார். பிறகு சலுகை மறுக்கப்பட்டது. வழக்கில் நிறுவனம் வைத்த வாதத்தின் சாரம், சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்பது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் இணையதளத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு என்று சொல்லி, செலவெல்லாம் சேர்த்துச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கவைத்தது. தொகை சிறியது. ‘நான் செய்யவில்லை, இயந்திரம் செய்தது’ என்ற பொருளில் ஒரு பெரிய நிறுவனம் தீர்ப்பாயத்தில் வாதிட்டது என்பதுதான் பெரிது.

2025 அக்டோபரில் டெலாய்ட் ஆஸ்திரேலியா, அந்நாட்டு அரசுக்குத் தயாரித்துக் கொடுத்த 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் மதிப்புள்ள அறிக்கைக்காக ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. இல்லாத ஆய்வுகளும், நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத மேற்கோளும் அந்த அறிக்கையில் இருந்தன, தயாரிப்பில் ஏ.ஐ. பயன்பட்டிருந்தது. இதைக் கண்டுபிடித்தவர் அந்தத் துறையை நன்கு அறிந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர். நிறுவனத்துக்குள்ளேயே இதைப் பிடித்திருக்க வேண்டியவர் யார்? ஒவ்வொரு அடிக்குறிப்பையும் சரிபார்க்கும் இளநிலை ஊழியர். அவர் விட்டதைப் பிடிக்கும் நடுநிலை மேலாளர். இன்று உலகெங்கும் ‘உபரி’ என்று கணக்கிடப்படுபவர்கள் இவர்கள்தான்.

கைகொடுக்கும் கருவி, கதவடைக்கும் நிறுவனம்

இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் வருத்தியது இரண்டு ஆய்வுகளின் சந்திப்பு. இரண்டிலும் பங்கெடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் எரிக் பிரின்யோல்ஃப்சன். முதல் ஆய்வு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களைப் பற்றியது. ஏ.ஐ. உதவியோடு வேலை செய்தபோது சராசரி உற்பத்தித்திறன் ஏறத்தாழ 14 சதவீதம் கூடியது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் அது 34 சதவீதம்! அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றமில்லை. தேர்ந்தவர்கள் எப்படிப் பேசிச் சிக்கலைத் தீர்க்கிறார்கள் என்பதைக் கருவி உள்வாங்கி, நேற்றுச் சேர்ந்தவரின் திரையில் காட்டியது. ஆறு மாதத்தில் கற்க வேண்டியதை இரண்டே மாதத்தில் எட்டினார்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல துணை எது?

இரண்டாவது ஆய்வு 2025 ஆகஸ்டில் வந்தது. அமெரிக்கச் சம்பளப் பட்டியல் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, ஏ.ஐ.யின் தாக்கம் அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருந்தது. அதே தொழில்களில் மூத்தவர்களின் நிலை சரியவில்லை. வட்டி உயர்வு, கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்தது என்று வேறு காரணங்களைச் சொல்லும் பொருளாதார அறிஞர்களும் உண்டு, விவாதம் முடியவில்லை. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். புதியவருக்கு அதிகம் கைகொடுக்கும் ஒரு கருவி, புதியவரையே எடுக்காமல் இருக்கக் காரணமாகிறது. இதைக் கருவி தீர்மானிக்கவில்லை. ஒரு போர்டு ரூமில், ஒரு காலாண்டின் லாபத்தைப் பார்த்து, பெயர் சொல்லக்கூடிய சிலர் தீர்மானிக்கிறார்கள்.

தீர்மானத்தை மாற்றி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அமேசானின் கிளவுட் பிரிவான ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் சி.இ.ஓ. மேட் கார்மன், இளநிலை ஊழியர்களுக்குப் பதில் ஏ.ஐ. போதும் என்பது தான் கேட்டதிலேயே மடத்தனமான யோசனைகளுள் ஒன்று என்றார். பத்தாண்டு கழித்து எதையும் கற்றறிந்த ஆளே இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டது, இந்தக் கட்டுரையின் கேள்வியேதான். 1994-ல் சென்னையில் தொடங்கிய காக்னிஸன்ட்டின் இன்றைய சி.இ.ஓ. எஸ்.ரவிக்குமார், ஏ.ஐ. கையிலிருப்பதால் புதியவர்களை விரைவில் தேர்ச்சி பெறவைக்க முடியும், எனவே ஃப்ரெஷர்களை அதிகம் எடுப்போம் என்கிறார். சொன்னபடி நடக்கிறதா என்பதை அவர்களின் ஆண்டறிக்கைகளில் நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒரே கருவியை வைத்து ஒருவர் கதவை மூடவும் இன்னொருவர் திறக்கவும் முடிகிறது என்பதே, ‘வேறு வழியில்லை’ என்ற பேச்சுக்குப் போதுமான பதில்.

ஓ.எம்.ஆரில் தொடங்கி கரூர் வரை

தமிழ்நாட்டுக்கு இது வெறும் தொழில் செய்தி அல்ல. 2000-ல் டைடல் பார்க் திறந்த பிறகு, சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) நெடுகவே ஒரு புது நகரம் எழுந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தை 2010-ல் தொடங்கி அரசே ஏற்றது. விவசாயியின் மகளும் லாரி ஓட்டுநரின் மகனும் கவுன்சிலிங்கில் இடம் பிடித்து, கேம்பஸில் வேலை வாங்கி, அந்தச் சாலையில் வந்து இறங்கினார்கள். சாதியும் சொந்தபந்தமும் பார்த்து வேலை கொடுத்த உலகத்தில், மதிப்பெண்ணையும் ஒரு நேர்காணலையும் பார்த்து வேலை கொடுத்த தொழில் அது. குறைகள் ஏராளம் என்றாலும், ஒரு தலைமுறையின் வறுமையை ஒரே சம்பளச் சீட்டில் தாண்டவைத்தது. அந்தச் சாலையில் இன்று 45 வயதில் நிற்கும் டெலிவரி மேனேஜருக்கு ஃபிளாட்டின் இ.எம்.ஐ. பாதி மீதமிருக்கும், மகள் பிளஸ் டூவில் இருப்பாள், ஊரில் அப்பா அம்மாவின் மருந்துச் செலவும் அவர் தலையில்தான். அவரை நம்பி ஒரு மெஸ்ஸும், ஒரு வேன் ஓட்டுநரும், ஒரு வீட்டு வேலைப் பெண்மணியும் இருப்பார்கள்.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016-ல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. ஆனால், ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் வரமாட்டார். மேற்பார்வையாளர் என்றால் மாதச் சம்பளம் 10 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அதை 18 ஆயிரமாக்கியது. ஆக, உண்மையிலேயே நிர்வாகப் பொறுப்புக்கு உயரும் அன்றே ஒருவர் அந்தப் பாதுகாப்பை இழக்கிறார். எச்.ஆர். அறைக்கு அழைத்து, ‘நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள்’ என்றால் அவர் போய் நிற்க இடமில்லை.

பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றவர்கள் உலகில் உண்டு. 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏ.ஐ. எழுதியதை மூலக்கதையாகக் கருதக் கூடாது, ஏ.ஐ.யைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதவைத்தார்கள். ஜெர்மனியில் 2021-ல் வந்த சட்டத் திருத்தப்படி, நிறுவனம் ஏ.ஐ.யைக் கொண்டுவரும்போது அதை மதிப்பிட, ஊழியர் குழு தன் தரப்பு நிபுணரை அழைக்கலாம், செலவு நிறுவனத்துடையது.

புது வேலைகளும் வருகின்றன, மறுக்கவில்லை. கரூரில் இளைஞர்கள் தலையில் கேமராவைப் பொருத்திக்கொண்டு, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கைத்துண்டு மடிக்கிறார்கள். கை எப்படி நீளுகிறது, விரல் எங்கே பிடிக்கிறது என்பதைப் பதிவுசெய்து அமெரிக்க ரோபோ நிறுவனங்களுக்கு அனுப்பும் வேலை அது. உலகத்துக்கே துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து அனுப்பிய ஊர், இப்போது அவற்றை மடிக்க இயந்திரத்துக்குச் சொல்லித் தருகிறது. திருவாரூர் மாவட்டக் கொல்லுமாங்குடி போன்ற சிற்றூர்களிலும் ஏ.ஐ.க்கான தரவுகளுக்குக் குறியிடும் வேலையைப் பெண்கள் ஊரைவிட்டுப் போகாமலே செய்கிறார்கள். மாதச் சம்பளம் வீட்டில் அவர்களுடைய குரலை உயர்த்தியிருக்கும். இந்த வேலையை இழிவாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால், மடித்துக் காட்டிய பிறகு அடுத்த பதவி எது? பத்தாயிரம் படங்களில் நடைபாதையைக் குறியிட்ட பெண்ணுக்கு, அந்தப் படங்களால் பயிலும் ஏ.ஐ. மாதிரியை வடிவமைக்கும் மேஜைக்குப் போக வழி இருக்கிறதா? 1987-ல் பயிற்சி ஊழியராக நுழைந்தவருக்கு அந்த வழி இருந்தது.

அந்த வழி இன்றும் இருக்கிறதா என்று நிறுவனங்களைச் சொல்லவைக்க முடியும். இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும், இயக்குநரின் சம்பளம் தன் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை வெளியிட வேண்டும். 2013-ம் ஆண்டு நிறுவனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள நிறுவனங்கள், எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதையும் 2022-23 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பொறுப்பறிக்கையில் சொல்லியாக வேண்டும். அந்தப் படிவத்தில் இன்னும் மூன்று வரிகளை செபி சேர்க்கலாம். இந்த ஆண்டு எத்தனை ஃப்ரெஷர்களை எடுத்தீர்கள், ஐந்தாண்டுக்கு முன் எடுத்தவர்களில் எத்தனை பேர் பதவி உயர்வு பெற்றார்கள்? ஆள் எடுப்பதிலும் அனுப்புவதிலும் ஏ.ஐ. கருவி பயன்பட்டதா, பயன்பட்டிருந்தால் இறுதிக் கையெழுத்துப் போட்ட அதிகாரி யார்? ஏ.ஐ.யால் மிச்சமான தொகையில் ஊழியர்களின் மறுபயிற்சிக்குப் போனது எவ்வளவு? இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. செபியின் ஒரு சுற்றறிக்கை போதும். அதுவரை, நூறு பங்கு வைத்திருப்பவர்கூட ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து இந்த மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.